ஆபரேஷன் என்ற சொல்லுக்குள்

எங்கள் தெருவில் முதலில் காணாமல் போனது ஒரு 'கே'.

பேக்கரியின் பெயர்ப்பலகையில் நடுநாயகமாக உட்கார்ந்திருந்த ஆங்கில எழுத்து அது. முந்தின நாள் மாலைவரை இருந்தது. மறுநாள் அந்த இடத்தில் பசை காய்ந்த தடம்தான் மிச்சம். காக்கா தூக்கிக்கொண்டு போகவில்லை, காற்றும் அடித்துப் போகவில்லை. பேக்கரிக்காரரே ஏணி வைத்து ஏறி, சொந்தக் கையால் பெயர்த்து எடுத்திருந்தார். 'பேக்கரி' இப்போது 'பேயரி' ஆகிவிட்டது. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் உள்ளே பேய் விற்கிறார்களோ என்று எட்டிப் பார்த்துவிட்டு ஓடினார்கள்.

"என்னங்க ஆச்சு?" என்று கேட்டேன்.

"அதுக்குள்ள பிரேக் இருக்குதாங்க. பி, ஆர், ஈ, ஏ, கே. வேணும்னா எடுத்து அடுக்கிப் பாருங்க. பிரேக்னா உடையிறது. அதனாலதான் என் அடுப்பு உடைஞ்சுது."

"அது உங்க அப்பா காலத்து அடுப்பு. தொட்டாலே உதிரும்."

"உங்களுக்கு என்ன தெரியும்? புரொபசரே சொல்லிட்டார்!"

அதற்குமேல் பேச்சு ஏது? புரொபசர் சொல்லிவிட்டால் அடுப்புகூட வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதான்.

இந்தப் புரொபசர் எந்தக் கல்லூரியில் பாடம் நடத்தினார் என்று ஒருவரும் கேட்கவில்லை. வெள்ளைக் கோட்டு போட்டிருந்தார்; கையில் பூதக்கண்ணாடி வைத்திருந்தார்; போதாதா? பெயர்ப்பலகை செய்யும் கடையின் மாடியில் வாடகைக்கு ஒரு ஹால் பிடித்து, 'உள்வார்த்தை விஞ்ஞானி' என்று தனக்குத் தானே பட்டம் அடித்து மாட்டிக்கொண்டார். ஒவ்வொரு ஆங்கில வார்த்தையின் வயிற்றுக்குள்ளும் குட்டி வார்த்தைகள் ஒளிந்திருக்கின்றனவாம். வெளியே இருக்கிற வார்த்தை வெறும் தோலாம், உள்ளே இருக்கிற குட்டிதான் நம் தலையெழுத்தை நடத்துகிறதாம். தமிழ் வார்த்தைக்குள் குட்டி கிடையாதா என்று ஒருவர் கேட்டதற்கு, "அதுல வோல்டேஜ் கம்மி" என்றார் புரொபசர். கேட்டவர் பயபக்தியோடு தலையாட்டினார்.

மழை பெய்து வெளியே போக முடியாத நாளில் பிள்ளைகள் விளையாடுகிற விளையாட்டு இது. ஒரு பெரிய வார்த்தையை எழுதிக்கொண்டு, அதன் எழுத்துகளைக் கலைத்துப் போட்டு, யார் அதிகமாகச் சின்ன வார்த்தை கண்டுபிடிக்கிறார்கள் என்று பார்ப்பார்கள். பிள்ளைகள் விளையாடினால் "போய்ப் படிக்கிற வேலையைப் பாரு" என்று காதைத் திருகுகிறோம். அதையே ஒருவர் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு விளையாடினால், செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகட்டி நிற்கிறோம்.

கூட்டம் என்றால் கூட்டம், மாடிப்படி முழுக்கக் கூட்டம். மருந்துக் கடைக்காரர் போனார். 'மெடிக்கல்' என்ற சொல்லுக்குள் டி, ஐ, ஈ இருந்தது. டை! சாவு! "சாவை வாசலில் மாட்டிக்கிட்டு மருந்து விக்கிறீங்களேய்யா!" என்று புரொபசர் பதறினார். மருந்துக் கடைக்காரர் 'டி'யைக் கழற்றினார். முடி வெட்டுபவர் போனார். 'சலூன்' என்ற சொல்லுக்குள் எஸ், ஓ, எல், ஓ. சோலோ! தனிக்கட்டை! இத்தனை வயதாகியும் அவருக்குக் கல்யாணம் ஆகாத காரணம் அன்றைக்குத் துலங்கிவிட்டது. பெண் பார்க்கப் போன வீட்டில் எல்லாம் பெண்ணை விட்டுவிட்டு அவள் அப்பாவின் வழுக்கையைப் பற்றியே பேசிவிட்டு வருவார் என்பது தெருவுக்கே தெரியும். ஆனாலும் பழி எழுத்தின் மேல் விழுந்தது. ஓர் 'ஓ'வைக் கழற்றினார்.

கழற்றிய எழுத்தைக் கொண்டுபோய்க் கொடுப்பதும் புது எழுத்து வாங்குவதும் எல்லாம் கீழே இருந்த பெயர்ப்பலகைக் கடையில்தான். கடைக்காரர் வேறு யாருமில்லை, புரொபசரின் மச்சான். மேலே சீக்கு, கீழே மருந்து. குடும்பம் என்றால் இப்படி ஒற்றுமையாக இருக்க வேண்டும்.

தெருவில் இதனால் உண்மையிலேயே தலை சுற்றிப்போனவர் கூரியர் அக்காதான். தெருமுனைக் கூரியர் ஆபீஸை நடத்துகிறவர். தையல்காரரின் மனைவி. பார்சலில் ஒரு பெயர் இருக்கும், கடை வாசலில் வேறு பெயர் இருக்கும். விநியோகிக்கப் போனவர்கள் பார்சலைச் சுமந்துகொண்டு திரும்பி வருவார்கள். "கடைக்குள்ள இருக்கிற ஆளு அதே ஆளுதான்டா, போய்க் குடுங்கடா" என்று அக்கா கத்துவார். கத்திவிட்டு விலாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.

விலாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததுதான் விஷயம். அக்காவுக்குப் பித்தப்பையில் கல். ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார்: பை வீங்கத் தொடங்கிவிட்டது, எடுத்துவிட வேண்டும், தள்ளிப்போட்டால் உள்ளே சீழ் பிடித்து உயிருக்கே ஆபத்தாகும், இப்போது செய்தால் சாதாரண ஆபரேஷன்தான். அக்கா அங்கேயே சரி என்றார். தையல்காரர் பக்கத்தில் உட்கார்ந்து சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவருடைய அப்பா முன்னொரு காலத்தில் ஆபரேஷனுக்கு என்று உள்ளே போனவர், துணி போர்த்தித்தான் வெளியே வந்தார். அன்றைக்குக் காத்துக்கிடந்த அந்த ஆஸ்பத்திரி வராந்தா தையல்காரரை விட்டு இன்னும் போகவில்லை.

பயந்த மனிதன் எங்கே போவான்? மாடிப்படி ஏறினார்.

திரும்பி வந்தவர் ஆஸ்பத்திரி ஃபைலை எடுத்துக் கடையில் துணிக்கட்டுகளுக்கு அடியில் செருகிவிட்டு, "ஆபரேஷன் வேண்டாம்" என்றார்.

"ஏங்க?"

"அந்த வார்த்தைக்குள்ள பெயின் இருக்கு. பி, ஏ, ஐ, என். வலி."

"இப்ப மட்டும் எனக்கு என்ன, சுகமாவா இருக்கு?"

"அது மட்டும் இல்ல." தையல்காரரின் குரல் கம்மிப்போனது. "ஆர், ஐ, பி இருக்கும்மா. செத்தவங்க படத்துக்குக் கீழ போடுவாங்களே, அது. புரொபசர் ஒவ்வொரு எழுத்தா எடுத்து என் கையில வச்சுக் காட்டினார். உனக்கு ஏதாவது ஆயிட்டா நான் என்ன பண்ணுவேன்?"

அக்காவுக்குக் கோபம் வந்தது. கூடவே அழுகையும் வந்தது.

"ஆஸ்பத்திரியில கையெழுத்து நானே போட்டுக்குவேன், அதுக்கு உங்க தயவு வேண்டாம்" என்றார். "ஆனா நான் உள்ள இருக்கிறப்ப வெளிய நீங்க உட்காரணும். அந்த ஆளு சொன்னதை நம்பிக்கிட்டு உட்கார்ந்தீங்கன்னா, நான் எழுந்து வரதுக்குள்ள உங்களுக்கு மாரடைப்பு வந்துடும். முதல்ல உங்களுக்கு வைத்தியம் பண்ணணும். நாளைக்கு நானும் அங்க போறேன். நீங்க பின்னால வந்து, கூட்டத்தோட கூட்டமா நில்லுங்க. நான் கூப்பிடுற வரைக்கும் வாயைத் திறக்கக் கூடாது."

மறுநாள் நானும் போனேன். வேடிக்கை பார்ப்பதற்கு நமக்கு அழைப்பிதழா வேண்டும்?

மாடிப்படி முடிகிற இடத்தில் புரொபசரின் மனைவி உட்கார்ந்திருந்தார். வந்தவர்களுக்கு எல்லாம் ஒரு டம்ளர் தண்ணீர், ஒரு கனிவான விசாரிப்பு. "என்ன கண்ணு, மனசுல ஏதோ பாரம் போல?" அவ்வளவுதான், வந்தவர்கள் குடும்பக் கதை முழுவதையும் கொட்டிவிடுவார்கள். கேட்டு முடித்துவிட்டு ஒரு பிளாஸ்டிக் டோக்கன் கொடுப்பார். சிலருக்குச் சிவப்பு, சிலருக்குப் பச்சை. வரிசைக்குத்தான் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். வரிசைக்கு எதற்கு இரண்டு நிறம் என்று கேட்க அங்கே யாருக்கும் மண்டையில் இடமில்லை. மண்டை முழுக்க வார்த்தைகள்.

கூரியர் அக்கா உள்ளே வந்தார். நேற்று ராத்திரி முழுக்க வலியில் புரண்டவர் என்று சொன்னால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு, கல்யாண வீட்டுக்கு வந்தவர் மாதிரி.

"என்ன கண்ணு, விசேஷமா?"

"ஆமாங்க! எனக்கு ஒரு ஆபரேஷன் சொல்லியிருக்காங்க. அது மட்டும் முடிஞ்சிட்டா எனக்கு விடிவுகாலம். எப்படா நடக்கும்னு ஆசையா இருக்கேன்."

தண்ணீர் வந்தது. டோக்கன் வந்தது. பச்சை.

அக்கா டோக்கனைக் கொண்டுபோய் மேசைமேல் வைத்து, காகிதத்தில் 'ஆபரேஷன்' என்று ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தார். புரொபசர் பலர் பார்க்கத்தான் வித்தை காட்டுவார். நாற்காலிகளில் நாங்கள் எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். அவர் டோக்கனை ஒரு பார்வை பார்த்தார். அக்காவின் முகத்தை ஒரு பார்வை பார்த்தார். அப்புறம்தான் பூதக்கண்ணாடி.

"ஓ இருக்கு... பி இருக்கு... ஈ இருக்கு... என் இருக்கு..." குரல் மெதுவாக ஏறியது. "ஓபன்! கதவு திறக்குது! இன்னும் பாருங்க. டி, ஓ, பி. டாப்! உச்சிக்குப் போறீங்க! இது சாதாரண வார்த்தையே இல்லம்மா. தாமதமே பண்ணாதீங்க. உடனே செஞ்சிடுங்க!"

கூட்டம் "ஆகா" என்றது.

"ரொம்ப சந்தோஷங்க" என்ற அக்கா, திரும்பிப் பார்த்து, "ஏங்க, இப்ப வாங்க" என்று கூப்பிட்டார்.

கூட்டத்துக்குள்ளிருந்து தையல்காரர் எழுந்து வந்தார். அவரைப் பார்த்ததும் புரொபசரின் பூதக்கண்ணாடி கொஞ்சம் கீழே இறங்கியது.

"ஐயா, எனக்கு இதே வார்த்தைக்குத்தான் ஆர்.ஐ.பி. எடுத்துக் காட்டினீங்க" என்றார் தையல்காரர். "அந்தப் பக்கமே போகாதேன்னீங்க."

ஹாலில் நாற்காலிகள் கிறீச்சிட்டன. புரொபசர் சும்மாவா புரொபசர் ஆனார்? உடனே சமாளித்தார்.

"வார்த்தை ஒண்ணுதாங்க. ஆள் வேற வேற. ஆளுக்குத் தகுந்த மாதிரி உள்வார்த்தை வேலை செய்யும்."

"ஆளும் ஒண்ணுதான்" என்றார் அக்கா. "இவர் என் வீட்டுக்காரர். அவர் கேட்டதும் என் ஆபரேஷனுக்குத்தான். ஒரே வயிறு, ஒரே கல். நேத்து நான் சாகணும்னீங்க, இன்னிக்கு உச்சிக்குப் போகணும்ங்கிறீங்க. நான் எங்கதாங்க போறது?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். முடி வெட்டுபவர்தான் என்று நினைக்கிறேன்.

"அது... கேட்கிறவரோட அலைவரிசை கலந்துடும்" என்றார் புரொபசர். "நேத்து இவரோட அலை ரொம்பக் கனமா இருந்துச்சு."

"அலையைப் பார்த்தீங்களா, டோக்கனைப் பார்த்தீங்களா?" அக்கா மேசையிலிருந்த பச்சை டோக்கனை எடுத்து எல்லோருக்கும் காட்டினார். "ஏங்க, உங்களுக்கு என்ன நிறம் குடுத்தாங்க?"

"சிவப்பு."

"எனக்கும் சிவப்பு" என்றார் பேக்கரிக்காரர்.

"எனக்கும் சிவப்பு" என்றார் மருந்துக் கடைக்காரர்.

"பயந்து போனவங்களுக்கு எல்லாம் சிவப்பு. ஆசையா வந்தவங்களுக்குப் பச்சை" என்றார் அக்கா. "வாசல்ல அந்தம்மா தண்ணி குடுத்து விஷயத்தைக் கறந்துக்குறாங்க. பயத்தோட வந்தா இவர் பயத்தை எடுத்துக் குடுப்பார், ஆசையோட வந்தா ஆசையை எடுத்துக் குடுப்பார். நாம கொண்டு வந்ததை நமக்கே திருப்பிக் குடுக்க ஒரு வெள்ளைக் கோட்டு!"

"அபாண்டம்!" புரொபசர் மேசையைத் தட்டினார். "என் விஞ்ஞானத்துக்கு டோக்கன் தேவையில்ல! வார்த்தை தானா பேசும்!"

"அப்படியா? அப்ப பேசட்டும்" என்றார் அக்கா. "நடுவில இந்தத் திரையை இழுத்து விட்டுடுவோம். டோக்கன் கிடையாது, முகம் கிடையாது, தண்ணி கிடையாது. திரைக்கு இந்தப் பக்கம் ஒருத்தர் உட்காருவாங்க. வார்த்தை அதே ஆபரேஷன். அவங்களுக்கு நல்லதா கெட்டதான்னு நீங்க சொல்லுங்க. சரியாச் சொல்லிட்டா நானே இந்தத் தெருவுல இருக்கிற எல்லாப் பலகையையும் கழட்டி உங்க காலடியில வைக்கிறேன்."

புரொபசருக்கு மறுக்க வழியில்லை. வெள்ளைக் கோட்டின் மானம் அவ்வளவு பேர் முன்னால் நின்றுகொண்டிருந்தது. பேக்கரிக்காரர் ஜன்னலோரம் இருந்த திரையை இழுத்து நடுவில் கட்டினார். முடி வெட்டுபவர் மாடிப்படிக்குப் போய், புரொபசரம்மா உள்ளே வராதபடி காவல் நின்றார். திரைக்கு இந்தப் பக்கம் ஒரு நாற்காலி போடப்பட்டது. அக்கா உதட்டில் விரல் வைத்து எங்களை அடக்கினார். காகிதம் மட்டும் திரைக்கு அடியில் போனது.

மின்விசிறி மட்டும் கடகடவென்று சுற்றியது.

"ம்..." என்றது திரை. "ஆர் இருக்கு... ஏ இருக்கு... டி இருக்கு..." நீண்ட யோசனை. "ரேஷன்."

"என்னது?" என்றார் பேக்கரிக்காரர்.

"ரேஷன். ஆர், ஏ, டி, ஐ, ஓ, என். உள்ள இருக்கு."

"ஆபரேஷன் தியேட்டர்ல ரேஷன் போடுவாங்களாய்யா?"

சிரிப்பு. திரைக்கு அந்தப் பக்கம் தொண்டையைச் செருமும் சத்தம். "இருங்க... ஈ, ஏ, ஆர். இயர். காது!"

"காது நல்லதா கெட்டதா?"

"காது... பொதுவா நல்லதுதான்."

"அப்புறம்?"

"டீ. டீ இருக்கு. டிரெயின் இருக்கு. டோ இருக்கு, கால் விரல்..." குரலில் வியர்வை ஒழுகியது. "ஏப் இருக்கு."

"ஏப்னா?"

"குரங்கு" என்று திரை மெல்லச் சொன்னது.

ஹால் வெடித்தது. மருந்துக் கடைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "குரங்கு டிரெயின்ல போய் டீ குடிச்சா ஆபரேஷன் நல்லா முடியுமா?" என்றார். நான் சிரித்த சிரிப்பில் என் நாற்காலி சாய்ந்தே விட்டது.

"சும்மா அடுக்காதீங்க" என்று அக்கா மட்டும் சிரிக்காமல் கேட்டார். "நல்லதா, கெட்டதா? ஒரே ஒரு பதில் சொல்லுங்க."

புரொபசருக்குப் பொறுமை போயே போய்விட்டது. திரைக்குப் பின்னாலிருந்து கத்தினார்:

"வந்திருக்கிறவன் பயந்து வந்திருக்கானா, ஆசைப்பட்டு வந்திருக்கானான்னு தெரியாம நான் என்னத்தைச் சொல்றது!"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே காதில் விழுந்திருக்கும். சிரிப்பு சட்டென்று நின்றது.

அக்கா திரையை விலக்கினார். நாற்காலி காலி. அதில் யாருமே உட்காரவில்லை.

"யாருமே இல்லாத ஆளுக்குக் காது, கால் விரல் எல்லாம் கண்டுபிடிச்சீங்க" என்றார் அக்கா. பிறகு தையல்காரரைப் பார்த்துத் திரும்பினார். குரல் இறங்கிவிட்டது. "கேட்டீங்களா? அந்த ஆர்.ஐ.பி. வார்த்தைக்குள்ள இருந்து வரலைங்க. உங்க நெஞ்சுக்குள்ள இருந்து வந்துச்சு. மாமா போனது உங்களை விட்டுப் போகவே இல்ல. அந்தப் பயம் எனக்குப் புரியுது, அதைக் கொண்டு வந்து என் மடியில கொட்டுங்க. இந்த ஆளுகிட்ட எதுக்குங்க கொண்டு வந்தீங்க?"

தையல்காரர் அத்தனை பேர் முன்னால் அழுதுவிட்டார். அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஃபைல் கடையிலதான் இருக்கு, வா போலாம்" என்றார். அவர் அழுததைப் பார்த்து நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அதில் என்ன வெட்கம்?

மற்றவர்கள் கீழே ஓடினார்கள். பெயர்ப்பலகைக் கடையின் பின்பக்கம், தெரு முழுவதும் கழற்றிய எழுத்துகள் மூட்டையில் கிடந்தன. துடைத்து, மெருகேற்றி, அடுத்தவருக்குப் புத்தம் புதிதாக விற்பதற்கு. பேக்கரிக்காரர் மூட்டையைக் கவிழ்த்துத் தேடினார். அவருடைய 'கே' அதில் இல்லை. அது ஏற்கெனவே ஜவுளிக் கடை வாசலில் அதிர்ஷ்டத்துக்காக ஏறிவிட்டிருந்தது.

"என் கே எங்கய்யா?" என்று அவர் மச்சானின் சட்டையைப் பிடித்துக் கேட்டது தெருமுனை வரை கேட்டது. அந்தக் கலவரத்தில் புரொபசர் வெள்ளைக் கோட்டைக் கழற்றிச் சுருட்டி, பின்வாசல் வழியாகப் போய்விட்டார். அம்மையார் தண்ணீர்க் குடத்தைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

ஆபரேஷன் நடந்தது. தையல்காரர் வெளியே உட்கார்ந்திருந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவர் பயப்படாமல் இருந்தார் என்று பொய் சொல்ல மாட்டேன். பயந்துகொண்டேதான் உட்கார்ந்திருந்தார், ஆனால் உட்கார்ந்திருந்தார். கதவைத் திறந்து நர்ஸ், "நல்லா முடிஞ்சுது, கண் முழிச்சிட்டாங்க, உங்களைத்தான் தேடுறாங்க" என்றதும் செருப்பை விட்டுவிட்டு உள்ளே ஓடினார்.

அக்கா தேறி உட்கார்ந்ததும் தெருவே பழப் பைகளோடு வார்டுக்குள் நுழைந்தது. நலம் விசாரித்தார்கள். பழத்தை வைத்தார்கள். அதற்குப் பிறகும் யாரும் கிளம்பவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கடைசியில் முடி வெட்டுபவர் முன்னால் தள்ளப்பட்டார்.

"அக்கா, நாங்க எல்லாரும் பேசி ஒரு முடிவுக்கு வந்துட்டோம்."

"என்ன முடிவு?"

"அந்த ஆளு போலி. சக்தி அவன்கிட்ட இல்ல. அவனையே மடக்குனீங்கன்னா, அந்தச் சக்தி உங்ககிட்டதான் இருக்கணும்." பவ்வியமாக ஒரு காகிதத்தை நீட்டினார். 'சலூன்' என்று எழுதியிருந்தது. அவருக்குப் பின்னால் பேக்கரிக்காரரும் மருந்துக் கடைக்காரரும் ஆளுக்கொரு காகிதத்தோடு வரிசையில் நின்றார்கள். "நீங்களே உள்ள என்ன இருக்குன்னு பார்த்துச் சொல்லிடுங்க அக்கா."

தையல்காரர் தலையில் அடித்துக்கொண்டார். அக்காவுக்கு வந்த சிரிப்பை அடக்க முடியவில்லை, தையல் போட்ட இடத்தை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டார். வலியும் சிரிப்பும் அடங்க வெகுநேரம் ஆனது. அப்புறம் அவர்கள் ஒவ்வொருவரின் தலையையும் ஒருமுறை உற்றுப் பார்த்தார்.

"காகிதத்தை மடிச்சு வைங்க" என்றார். "உங்க ஒவ்வொருத்தர் தலைக்குள்ளயும் பிறந்ததிலிருந்து ஒண்ணு இருக்கு. புதுசாவே இருக்கு, ஒரு தடவைகூட எடுத்துப் பார்க்கலை. அதை எடுத்துப் பாருங்க. பயப்படாதீங்க, அதுக்கு ஆபரேஷன் எல்லாம் தேவையில்ல. யோசிச்சாலே போதும்."